இன்னொரு தபா

எனக்கு அந்தப் பாட்டைக் கண்டாலே ஆகாது. பாட்டை எப்படிம்மா காண முடியும், கேட்கத்தான் முடியும் என்று என் மகள் மதிவதனி திருத்துவாள். கேட்டாலும் ஆகாது, போதுமா?

இந்த ஆறு மாதமாக ஆரணியில் அது ஒலிக்காத இடம் கிடையாது. கல்யாண மண்டபம், ஷேர் ஆட்டோ, பஸ் ஸ்டாண்டு ஜூஸ் கடை, எங்கே போனாலும் அதேதான். பாட்டில் பெரிதாக ஒரு மண்ணும் இல்லை. ஒருத்தன் தொண்டை கிழியக் கத்துகிறான்: "விழுந்தா இன்னா மாமு, அலட்டிக்காத மாமு, இன்னொரு தபா, இன்னொரு தபா!" பின்னால் நாலு பேர் கை தட்டுகிறார்கள். அதற்கு ஊரே ஆடுகிறது. ஆடிவிட்டுப் போகட்டும். எனக்கு ஏன் வயிறு எரிகிறது என்றால், லோகநாதன் சாருக்குப் போன் போட்டால் இந்தப் பாட்டுதான் காலர் ட்யூனாக வரும்.

லோகநாதன் சார் ஓர் அதிகாரி. எந்த ஆபீஸ், எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன். சொல்லிவிட்டு அடுத்த கையெழுத்துக்கு அலைய எனக்குத் தெம்பில்லை. ஆரணியிலிருந்து பஸ் ஏறிப் போக வேண்டும், என் வீட்டுக்காரருக்கு அந்தப் பக்கம்தான் சொந்த ஊர், அதனால் எங்கள் காகிதமெல்லாம் அங்கே கிடக்கிறது. இவ்வளவு தெரிந்தால் போதும்.

விஷயம் இதுதான். என் வீட்டுக்காரர் பெயர் குமரேசன். சபையில் சேர்ந்து ஞானஸ்நானம் எடுத்தபோது பழைய போதகர் அவருக்கு யோவான் என்று பெயர் வைத்தார். எனக்கும் ஒரு பெயரைத் தயாராக வைத்திருந்தார். நான் பாஞ்சாலையாகவே இருந்துகொள்கிறேன், ஆண்டவருக்கு என்னை அடையாளம் தெரியும் என்று சொல்லிவிட்டேன். என் வீட்டுக்காரருக்கு அந்த வாயெல்லாம் கிடையாது, சரியென்று தலையாட்டினார். மதிவதனியை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போனவர், புதுப் பெயர் கிடைத்த சந்தோஷத்தில், தகப்பன் பெயர் யோவான் என்று எழுதிக்கொடுத்துவிட்டு வந்தார். ரேஷன் கார்டில் குமரேசன். ஓட்டு அட்டையில் குமரேசன். போன வருஷம் தை மாதம் நெஞ்சு வலி என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. இறப்புச் சான்றிதழிலும் குமரேசன்.

மதிவதனிக்கு நர்சிங் படிப்பில் இடம் கிடைத்திருக்கிறது. எங்கள் இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் காலேஜ் வாசலை மிதித்த முதல் பெண் அவள்தான். வெள்ளிக்கிழமை சென்னையில் சான்றிதழ் சரிபார்ப்பு. குமரேசனும் யோவானும் ஒரே ஆள்தான் என்று ஒரு சான்று காட்ட வேண்டும், காட்டாவிட்டால் அந்த இடம் அடுத்த பெண்ணுக்குப் போய்விடும். ஒரு வரி, ஒரு கையெழுத்து, ஒரு சீல். அதற்காகப் பரீட்சை முடிவு வந்த நாளிலிருந்து நான் நாய் படாத பாடு பட்டேன்.

முதல் நாள் அந்த ஆபீஸில் இருந்த குமாஸ்தா என் காகிதங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, யோவானுக்கு இறப்புச் சான்றிதழ் எங்கே என்று கேட்டார். இல்லை என்றேன். அப்படியானால் யோவான் உயிரோடு இருக்கிறார் என்றுதானே அர்த்தம், உயிரோடு இருக்கிறவர் நேரில் வந்து கையெழுத்துப் போடட்டும் என்றார். ஐயா, அவர் செத்துப்போய் ஒன்றரை வருஷம் ஆகிறது என்றேன். செத்தது குமரேசன் என்று அல்லவா இதில் இருக்கிறது, அவர் யார் என்று கேட்டார். அவரும் என் புருஷன்தான் என்று நானும் அவசரத்தில் சொல்லித் தொலைத்தேன். அவர் மனுவில் இருந்த என் பெயரை ஒருமுறை படித்தார். "பேருக்கேத்த மாதிரிதாம்மா இருக்குது" என்று சிரித்தார். பக்கத்தில் இருந்த பசைப் பாட்டிலை எடுத்து அவர் தலையில் கவிழ்க்கலாமா என்று வந்தது. மகள் காரியம் ஆக வேண்டுமே என்று நானும் சிரித்து வைத்தேன்.

பெரிய சார் எப்போதும் வெளியில் சுற்றுவார், போன் போட்டுக் கேட்டுக்கொண்டு வாருங்கள் என்று அந்தக் குமாஸ்தாவே லோகநாதன் சார் நம்பரைக் கொடுத்தார். அன்றைக்குப் பிடித்தது சனி.

நான் ஆரணி கொசப்பாளையத்தில் பாவு பிணைக்கிற வேலை செய்கிறேன். தறியில் ஒரு பாவு முடிகிறபோது, அதன் கடைசி நுனிகளோடு புதுப் பாவின் நுனிகளை இழை இழையாகச் சேர்த்து முறுக்க வேண்டும். ஒரு பட்டுப் பாவுக்கு நாலாயிரம் இழைக்குக் குறையாது. விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்தால் இரண்டு கையும் சிறைதான். அதனால் போனை ஸ்பீக்கரில் போட்டுத் தொடைமேல் வைத்துக்கொள்வேன். "விழுந்தா இன்னா மாமு" என்று ஆரம்பிக்கும். எதிரில் உட்கார்ந்து பிணைக்கிற பானுப்ரியா தோளைக் குலுக்குவாள். "இன்னொரு தபா, இன்னொரு தபா" என்று முடிகிற இடத்தில் ஒரு பொம்பளைக் குரல் வந்து, நீங்கள் அழைக்கும் நபர் எடுக்கவில்லை என்று சொல்லும். பாட்டே சொல்கிறதே என்று நானும் இன்னொரு தபா போடுவேன். எடுத்தால்தானே? நான் பதறுகிற பதற்றம் புரியாமல் பானுப்ரியா ஒரு நாள், "அக்கா, அந்தப் பாட்டப் போடேன், வேல ஜல்தியா ஓடும்" என்று கேட்டாள். அன்று அவளோடு நான் பேசவே இல்லை.

இன்னொரு கொடுமையும் உண்டு. என் போனில் என் வீட்டுக்காரர் இரண்டு பேராக இருக்கிறார். நான் பதிந்தது குமரேசன். மதிவதனி சின்ன வயதில் பதிந்து வைத்தது யோவான் அப்பா. நம்பர் ஒன்றுதான். அந்த யோவான் அப்பாவுக்கு நேர் கீழேதான் லோகநாதன் சார் வருகிறார். சாம்பல் விரல் வழுக்கினால் மேலே பட்டுவிடும். அப்போது பாட்டு வராது. இந்த எண் உபயோகத்தில் இல்லை என்று மட்டும் வரும். பானுப்ரியா தலையைக் குனிந்துகொள்வாள், நான் எங்கே விட்டேன் என்று இழையைத் தேடுவேன்.

இப்படி இருக்கும்போதுதான் போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் போதகர் அந்தப் பாட்டைப் பிரசங்கத்துக்கு எடுத்துக்கொண்டார்.

எங்கள் போதகர் பெயர் இளவரசன். போளூர்ப் பக்கத்துப் பிள்ளை, முப்பது வயதுகூட ஆகவில்லை, சபைக்கு வந்து ஒரு வருஷம் ஆகிறது. கெட்ட மனிதர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஆனால் எதைப் பார்த்தாலும் அதில் ஒரு பாடம் கண்டுபிடிக்காமல் விட மாட்டார். பரோட்டா மாவை அடிக்க அடிக்கத்தான் மெத்தென்று வரும், சோதனையும் அப்படித்தான் என்று ஒருமுறை பிரசங்கித்தார். அன்று மத்தியானம் பாதிச் சபை பரோட்டாக் கடையில் நின்றது.

அந்த ஞாயிறு, பீடத்தின்மேல் ஒரு ஸ்பீக்கரை வைத்து, அந்தப் பாட்டை முழுசாகப் போட்டார். வாலிபப் பிள்ளைகள் கை தட்டினார்கள். மாதர் சங்கத்துப் பெண்கள்கூடத் தட்டினார்கள். இதில் விடாமுயற்சிக்கு மூன்று கிறிஸ்தவப் பாடங்கள் இருக்கின்றன என்று ஆரம்பித்தார். விழுந்தா இன்னா என்பது முதல் பாடம், நீதிமான் ஏழு தரம் விழுந்தாலும் எழுந்திருப்பான். அலட்டிக்காத என்பது இரண்டாவது, கவலைப்படாமல் பொறுமையாகக் காத்திரு. இன்னொரு தபா என்பது மூன்றாவது. அதற்கு, அநியாயக்கார நீதிபதியின் வாசலுக்கு ஓயாமல் நடந்த விதவையின் கதையை வாசிக்கச் சொன்னார். நம் எல்லாருக்கும் அந்த விதவையின் வைராக்கியம் வேண்டும் என்றார். சொல்லும்போது கண் என் பக்கம் திரும்பியது. சபையில் நான்தானே கையில் கிடைத்த விதவை.

அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்தேன். விதவைக்குப் பொறுமையைப் பற்றி ஸ்பீக்கர் வைத்துச் சொல்ல வேண்டுமா? நாலாயிரம் இழையை ஒற்றை ஒற்றையாக முறுக்குகிறவளுக்கு விடாமுயற்சி வகுப்பா? எப்போது எழுந்து நின்றேன் என்று எனக்கே தெரியாது.

"பாஸ்டர், ஒரு நிமிஷங்க. அது விதவ பாடற பாட்டு இல்லீங்க. நீதிபதி வெச்சிகினு இருக்கற பாட்டு."

மதிவதனி என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். நான் விடுகிற நிலையில் இல்லை. குமரேசன், யோவான், குமாஸ்தா, காலர் ட்யூன் எல்லாவற்றையும் கொட்டினேன். அப்புறம் வேதத்தில் இப்போது வாசித்தது காதில் விழுந்ததா என்று கேட்டேன். இவள் என்னை அலட்டாதபடிக்கு இவள் காரியத்தை முடித்துவிடுகிறேன் என்றுதானே அந்த நீதிபதி சொல்கிறான்? அவள் அலட்டினாள், அதனால் கிடைத்தது. நீங்கள் என்னடா என்றால் அலட்டிக்காதே என்று பாட்டுப் போடுகிறீர்கள் என்றேன். கடைசியில், மனசில் ரொம்ப நாளாகக் கிடந்ததும் வாயில் வந்துவிட்டது.

"தட்டு தட்டுன்னு வெளிய நிக்கறவங்களுக்கே வருஷம் பூரா பிரசங்கம் பண்றீங்க. உள்ள தாப்பா போட்டுகினு உக்காந்துகினு இருக்கறவனுக்கு எப்பங்க பண்ணப் போறீங்க?"

சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். முகமெல்லாம் எரிந்தது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள், ஆத்திரக்காரிக்கு அதுவும் இல்லை. போதகர் வேதப் புத்தகத்தை மூடினார். ஜெபம் பண்ணிச் சீக்கிரமாகவே அனுப்பிவிட்டார். அதில் சில பேருக்கு என்மேல் நன்றிகூட இருந்திருக்கும்.

சாயங்காலம் வீட்டு வாசலில் பைக் சத்தம் கேட்டது. அவர்தான். திட்ட வந்திருக்கிறார் என்று நினைத்து, திருப்பிச் சொல்ல நாலு வார்த்தையும் யோசித்து வைத்துக்கொண்டேன். அவர் எந்த வருஷத்தில் ஞானஸ்நானம் எடுத்தீர்கள் என்று மட்டும் கேட்டார். மதிவதனியைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்ததற்கு முந்தின வருஷம் என்றேன். நாளைக்கு எத்தனை மணி பஸ் என்று கேட்டார். நான் போய்க்கொள்கிறேன், உங்களுக்கு எதற்குச் சிரமம் என்றேன். "நானும் வரேங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். போச்சுடா, ஒரு பேஜார் போதாதென்று இன்னொன்று என்று மதிவதனியிடம் புலம்பினேன்.

திங்கட்கிழமை காலை பஸ்ஸில் வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தார். பஸ் பள்ளத்தில் இறங்கினால் பாடம், டிக்கெட்டுக்குச் சில்லறை இல்லாவிட்டால் அதற்கொரு பாடம். மடியில் துணியில் சுற்றிய ஏதோ ஒன்றை வைத்திருந்தார். சாப்பாடு என்று நினைத்துக்கொண்டேன்.

ஆபீஸில் லோகநாதன் சாரின் அறைக் கதவு சாத்தியிருந்தது. வெளியே பன்னிரண்டு பேர் வரிசையில் இருந்தார்கள். சார் மீட்டிங்குக்குப் போயிருக்கிறார், எப்போது வருவார் என்று தெரியாது என்று அதே குமாஸ்தா சொன்னார். நான் போனை எடுத்து அழுத்தினேன். மூன்று மாதப் பழக்கத்தில் ஸ்பீக்கரில்தான் விழுந்தது. "விழுந்தா இன்னா மாமு" என்று வராந்தா முழுக்கக் கேட்டது. அதே நேரம் சாத்தியிருந்த கதவுக்கு உள்ளே, ட்ரிங் ட்ரிங் என்று பழைய காலத்து மணி அடித்தது.

மனுஷன் உள்ளேதான் இருக்கிறார். எனக்கு வந்த கோபத்தில் கண் இருட்டியது. வரிசையில் இருந்தவர்கள் கதவைப் பார்த்தார்கள், என் போனைப் பார்த்தார்கள். குமாஸ்தா எங்கேயோ பார்த்தார். அப்போது எங்கள் போதகர் இருக்கிறாரே, பாட்டு "இன்னொரு தபா"வுக்கு வந்ததும் அவர் கை தானாகத் தட்டிவிட்டது. பழக்கதோஷம். முன்னால் நின்ற ஒரு பெரியவர், கையில் மனுவோடு, "இன்னொரு தபா" என்று சேர்ந்து பாடினார். அவருக்குப் பின்னால் இரண்டு பெண்கள். பிறகு வரிசை முழுக்க. எல்லோருக்கும் அந்தப் பாட்டு மனப்பாடம், ஏனென்றால் எல்லோரும் அவருக்குப் போன் போட்டவர்கள். எனக்கு அங்கேயே பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது.

கதவு திறந்தது. நான் நினைத்து வைத்திருந்த ராட்சசன் வரவில்லை. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு ஒல்லியாக ஒருவர் வந்தார். அவருக்குப் பின்னால் மேஜைமேல் காகிதக் கட்டுகள் ஆள் உயரம்.

"இன்னாத்துக்கும்மா இப்டி அலட்றீங்க?" என்றார்.

போதகர் சட்டென்று என்னைப் பார்த்தார். முகத்தில் ஆயிரம் வாட் பல்பு. வாயைத் திறந்தால் தெரியும் என்று முறைத்தேன்.

ஆபீஸில் யார் பாட்டுப் போடுவது என்று லோகநாதன் சார் கேட்டார். உங்கள் பாட்டுதான் சார் என்றேன். அவருக்குப் புரியவில்லை. நான் எந்தப் பாட்டும் வைக்கவில்லையே என்றார். போனைக் கொடுத்தால் வீட்டில் பிள்ளைகள் எதையாவது அமுக்கிவிடுவார்கள், தன் காலர் ட்யூன் மட்டும் தன் காதுக்குக் கேட்காது என்று போதகர் மெதுவாக விளக்கினார். நான் மறுபடி நம்பரை அழுத்தி, போனை அவர் கையிலேயே கொடுத்தேன்.

வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார். உள்ளே மேஜையில் அவருடைய போன் அடித்துக்கொண்டே இருந்தது. பாட்டு முடிகிறவரை நின்று கேட்டார். அந்தப் பொம்பளை வந்து, நீங்கள் அழைக்கும் நபர் எடுக்கவில்லை என்று சொன்னதையும் கேட்டார். அதற்குப் பிறகுதான் போனை இறக்கினார்.

"எல்லாருக்கும் இதான் கேக்குதா?"

பெரியவர் சொன்னார், "எனக்கு மாசி மாசத்துல இருந்து கேக்குதுங்க."

லோகநாதன் சார் போனை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். என் கையிலிருந்த காகிதங்களை அவரே கேட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தார். நாங்களும் போனோம். ஒவ்வொன்றாகப் படித்தார். கடைசியில் அவரும் அங்கேயே வந்து நின்றார்: யோவான் நேரில் வர வேண்டுமே. குத்தலாகக் கேட்கவில்லை, வழக்கப்படி கேட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. போனைத் திறந்து அந்த இரண்டு பெயரையும் அவர் முன்னால் காட்டினேன்.

"யோவான் நம்பருக்கும் போட்டுப் பாத்துட்டேன் சார். குமரேசன் நம்பருக்கும் போட்டுப் பாத்துட்டேன். ரெண்டும் ஒரே நம்பர்தான். ரெண்டு பேரும் வரமாட்டாங்க சார்."

அவர் இரண்டு எண்களையும் ஒவ்வொரு இலக்கமாகப் பார்த்தார். போதகர் மடியிலிருந்த துணியை அவிழ்த்தார். சாப்பாடு இல்லை, சபையின் பழைய ஞானஸ்நானப் பதிவேடு. ஞாயிறு ராத்திரி பூராவும் உட்கார்ந்து தேடியிருக்கிறார். பக்கத்தைப் புரட்டி விரலை வைத்தார். குமரேசன், ஞானஸ்நானப் பெயர் யோவான், மனைவி பாஞ்சாலை, பெயர் மாற்றம் வேண்டாம் என்றார். பழைய போதகர் அப்படியே எழுதி வைத்திருக்கிறார்.

இதை மூன்று மாதத்துக்கு முன்னால் இவரிடம் வாய் திறந்து கேட்டிருந்தால் என்ன என்று என்மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது. ஊரெல்லாம் தட்டினேன், சபைக் கதவை மட்டும் தட்டவில்லை. லோகநாதன் சார் பக்கத்தைப் பிரதி எடுக்கச் சொன்னார். அடுத்த பத்து நிமிஷத்தில் கையெழுத்தும் சீலும் விழுந்துவிட்டது. நாங்கள் வெளியே வரும்போது அந்தப் பெரியவரைத் தானே பெயர் சொல்லி உள்ளே கூப்பிட்டார்.

திரும்புகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து சான்றைப் படித்தேன். குமரேசன் என்பவரும் யோவான் என்பவரும் ஒருவரே. அவ்வளவுதான் இருந்தது. வெள்ளிக்கிழமை இதை நீட்டினால் மதிவதனி நர்சிங் படிப்பாள். நான் கூத்தாட வேண்டும். ஆனால் அந்த ஒரு வரியையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். யோவான் உயிரோடு இருக்கிறார் என்று இத்தனை நாள் ஓர் ஆபீஸாவது பிடிவாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. நானே ஓடி ஓடி அதையும் முடித்துவிட்டு வந்திருக்கிறேன்.

போதகர் என் பக்கம் திரும்பி வாயைத் திறந்தார். "பாஸ்டர், இதுல இன்னா பாடம்னு மட்டும் சொல்லிடாதீங்க" என்றேன். அவர் வாயை மூடிக்கொண்டார். பஸ் இரண்டு பள்ளத்தில் இறங்கி ஏறியது, அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை.

ஒரே ஆள்தான் என்று சீல் வைத்தாகிவிட்டது, போனில் எதற்கு இரண்டு பேர், ஒன்றை அழித்துவிடலாம் என்று எடுத்தேன். குமரேசனை அழிப்பதா, யோவான் அப்பாவை அழிப்பதா என்று புரியவில்லை. ரொம்ப நேரம் விரலை வைத்துக்கொண்டே இருந்தேன். போதகர் ரோட்டுப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

சரி, இரண்டும் இருக்கட்டும் என்று அந்த நம்பருக்கு இன்னொரு தபா போட்டுப் பார்த்தேன்.